மறுசுழற்சி: எந்திரத்துக்கு முன்னால் தராசு

கடந்த மாதம் ஹெப்பகோடித் தோழர்களிடமிருந்து நான்கு பக்கக் குறிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. கன்னடத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த வட்டாரத் தொழிற்பேட்டைகளில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் கணிசமாக இருப்பதால், கிளைக் கூட்டத்தில் படித்து விவாதிப்பதற்குத் தமிழிலும் வேண்டும் என்றார்கள். வட்டாரத்தில் சேரும் பிளாஸ்டிக் கழிவை அங்கேயே தரம் பிரித்து, அரைத்து, உருக்கி, நடைபாதைக் கற்களாகவும் பூந்தொட்டிகளாகவும் துணி மாட்டும் கிளிப்புகளாகவும் மாற்றும் சிறு பட்டறை ஒன்றைப் பெண்களின் கூட்டுறவாக அமைக்க முடியுமா என்பதே குறிப்பின் பொருள். ஆயத்த ஆடை ஆலைகளில் வயது நாற்பதைத் தாண்டியதும் 'வேகம் போதவில்லை' என்று வெளியே அனுப்பப்பட்ட பதினைந்து பெண்கள் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். நிறுவனம் ஒன்று தனது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எந்திரங்களை வாங்கித் தர முன்வந்திருக்கிறது.

குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: கச்சாப் பொருள் இலவசம். கன்னடத்தில் 'உசித' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் உசிதம் என்றால் தகுந்தது, பொருத்தமானது. கன்னடத்தில் அதே வடசொல் 'விலையில்லாதது' என்ற பொருளையும் தாங்குகிறது. அந்தச் சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் இலவசம் என்றால், யாருக்கு இலவசம்? நான் கிளை உறுப்பினன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். ஆனால் மொழிபெயர்ப்பவன் ஒரு பிரதியை எழுதியவரைவிட மெதுவாகப் படிக்கிறான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கிளைக்குள் இரு கருத்துகள் நிலவுவதாக அறிந்தேன். தன்னார்வக் குழுக்கள் செய்யும் வேலையை நாம் ஏன் தலையில் ஏற்ற வேண்டும், பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்து கொள்ளை லாபம் அடிக்கும் முதலாளிகளின் குப்பையைத் தொழிலாளி வர்க்கம் ஏன் அள்ள வேண்டும் என்பது ஒன்று. வேலையிழந்த பெண்களுக்கு வருமானம், ஏரிக்கரையில் குப்பை எரிவது நிற்கும், நகரசபைத் தேர்தலில் மக்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது மற்றொன்று. நான் பட்டறையை ஆதரிக்கிறேன். ஆனால் குறிப்பு எந்திரத்திலிருந்து தொடங்குகிறது. தராசிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஹெப்பகோடியை அறியாத தோழர்களுக்குச் சில சொற்கள். பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. ஆனேகல் வட்டம், பெங்களூரு மாநகராட்சி எல்லைக்கு வெளியே தனி நகரசபை. பயோகான் மருந்து நிறுவனத்தால் உலகம் இவ்வூரை அறிகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் நிலையம்கூட அந்நிறுவனத்தின் பெயரைச் சேர்த்தே அழைக்கப்படுகிறது. நம் தோழர்களுக்கோ இவ்வூர் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மோடி அரசு விதி கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 நாட்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தொழிற்சங்கத் தலைமைகூட எதிர்பாராத வேகத்தில் ஓசூர் சாலையை நிறைத்தார்கள். இரண்டாம் நாள் ஹெப்பகோடி காவல் நிலையத்தில் வாகனங்கள் எரிந்தன. அன்றே ஒன்றிய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. குறிப்பில் சொல்லப்படும் பெண்கள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அவர்களை 'பயனாளிகள்' என்று குறிப்பு அழைப்பது எனக்கு உறுத்தியது. மொழிபெயர்ப்பில் 'தொழிலாளர்கள்' என்றே மாற்றிவிட்டேன்.

குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஹெப்பகோடியின் உட்தெரு ஒன்றில் இருக்கும் பழைய பொருள் கடைக்குப் போனேன். கன்னடத்தில் குஜரி என்பார்கள். நம் பக்கத்தில் காயலான் கடை. தகரக் கூரை, முன்னால் தொங்கும் தராசு, பின்னால் ஆளுயரச் சாக்கு மூட்டைகள். நடத்துபவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். அவருடைய மனைவியும் மேலும் இரண்டு பெண்களும் தரையில் அமர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

('நெகிழி' என்னும் சொல் எனக்குப் பிடித்தமானதே. ஆனால் இத்தொழிலில் உழல்கிறவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே பிளாஸ்டிக் என்றே எழுதுகிறேன்.)

அந்த அம்மா பிரிக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு உறையை எடுத்துக் கசக்குகிறார். சலசலவென்று ஓசை எழுந்தால் ஒரு குவியலுக்கு. ஓசையின்றி இழுபட்டால் 'எல்.டி.' குவியலுக்கு. பால் உறைகள் தனி. தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் மூடியைத் திருகி ஒரு பக்கம், கழுத்து வளையத்தைக் கத்தியால் நெம்பி அதே பக்கம், மேலே சுற்றிய தாளைக் கிழித்து இன்னொரு பக்கம். நமக்கு அது ஒரு பாட்டில். அவருக்கு அது இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக். ஐயம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுகிறார். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் மிதக்கும். பாட்டில் செய்யும் 'பெட்', குழாய் செய்யும் பி.வி.சி. மூழ்கும். அதிலும் தெளியாவிட்டால் தீக்குச்சி. மெழுகுவத்தி வாசம் வந்தால் ஒன்று. மூக்கை அரித்துக் கண்ணில் நீர் வரவழைத்தால் பி.வி.சி. இந்தக் கடைசிச் சோதனையை ஒரு நாளில் எத்தனை முறை செய்வீர்கள் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார்.

'மெஷின் யார் வேணும்னாலும் ஓட்டலாம் சார். மால் பிரிக்கறதுதான் வேலை. ஒரு பி.வி.சி. பைப்புத் துண்டு உள்ள போச்சுன்னா அந்த லாட்டே கறுத்துப் போயிடும்.'

வேதியியலும் அதையே சொல்கிறது. பாலிஎத்திலீன் ஏறத்தாழ 110 முதல் 130 டிகிரியில் உருகும். பாலிப்ரோப்பிலீனுக்கு 160-க்கு மேல் வேண்டும். பெட் உருகுவதற்கு 250 டிகிரி. பி.வி.சி.யோ உருகுமுன் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். எந்திரத்தின் உருளையையும் அரிக்கும், நுரையீரலையும் அரிக்கும். ஆக, மறுசுழற்சிப் பொருளின் தரம் எந்திரத்தின் விலையைவிட, தரையில் அமர்ந்து பிரிக்கும் பெண்ணின் விரல்நுனியைச் சார்ந்தது. அவருக்கோ கூலி மிகக் குறைவு, பெயரும் இல்லை.

பெயர் என்றதும் ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டறிக்கையில் இத்தொழிலாளர்களைக் 'குப்பை பொறுக்குவோர்' என்று மொழிபெயர்த்திருந்தேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு மூதாட்டி எழுந்து, 'பொறுக்கின்னு எங்கள ஊரே சொல்லுது, நீங்களும் எழுதிட்டீங்களா?' என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகு 'கழிவு சேகரிப்போர்' என்று எழுதுகிறேன். சரியான சொல்தான், ஆனால் அலுவலக வாடை அடிக்கிறது. கன்னடத்தில் அவர்களைச் 'சிந்தி ஆயுவவரு' என்கிறார்கள். சிந்தி என்றால் கந்தல். ஆயுவவரு யார்? ஆய்கிறவர்கள். நாம் கீரை ஆய்கிறோமே, அதே சொல். வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறிதல். ஆராய்ச்சியும் ஆய்வும் அதே வேரில் பிறந்தவை. கன்னடம் அவர்களுடைய தொழிலின் சாரத்தைச் சொல்லிவிட்டது. நம் தமிழில் அந்தப் பொருள் கீரையோடு நின்றுபோனது.

மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், ஐந்தாம் அத்தியாயத்தில், உற்பத்திக் கழிவைப் பயன்படுத்துவது பற்றித் தனிப்பிரிவே எழுதியிருக்கிறார். கட்சிப் பள்ளிகளில் அதை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். உற்பத்தியிலிருந்து வரும் கழிவு வேறு, நுகர்விலிருந்து வரும் கழிவு வேறு என்று அவர் பிரிக்கிறார். கழிவு மீண்டும் மூலப்பொருள் ஆவதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறார்: அது பெருமளவில் ஓரிடத்தில் சேர வேண்டும், பழைய வடிவில் பயன்படாததைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் எந்திரம் வேண்டும், அதன் பயனுள்ள தன்மைகளைக் கண்டுபிடிக்கும் அறிவியல், குறிப்பாக வேதியியல், வளர வேண்டும். கந்தல் கம்பளியைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் தொழில் 1862 இறுதியில் இங்கிலாந்தின் கம்பளி நுகர்வில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தது என்ற கணக்கைத் தருகிறார். அந்த மலிவுத் துணி மூன்றில் ஒரு பங்குக் காலத்திலேயே கிழிந்துவிடும் என்று குத்தவும் மறக்கவில்லை. லண்டன் மாநகரம் தன் மக்களின் கழிவை நிலத்துக்கு உரமாக்க வழி தெரியாமல் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியில் கலக்கிறது என்பதும் அதே பக்கங்களில் வருகிறது.

இந்த மூன்று நிபந்தனைகளில் முதலாவதைத்தான் ஹெப்பகோடிக் குறிப்பு மறந்துவிட்டது. எந்திரம் கிடைத்துவிடும். வேதியியல் ஏற்கெனவே உண்டு. நூறு தெருக்களில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து, பிரித்து, ஓரிடத்தில் குவிப்பது யார்? அந்த உழைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. விடியுமுன் சாக்குடன் புறப்படும் ஆண்களும் பெண்களும் அதைச் செய்கிறார்கள். பெங்களூருவில் அவர்களில் பலர் தமிழ் பேசும் தலித்துகள். மற்றும் பலர் வங்காளம் பேசும் முஸ்லிம் புலம்பெயர் தொழிலாளர்கள். அவர்கள் சேகரிப்பது கடைக்காரருக்கு, அங்கிருந்து பெரிய வியாபாரிக்கு, நாயண்டஹள்ளி போன்ற மையங்களுக்கு, அரைப்பவருக்கு, உருக்கிக் குருணையாக்குபவருக்கு, கடைசியில் வாளியும் குவளையும் வார்ப்பவருக்குப் போகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது. முதல் கைக்குக் கிடைப்பது தராசில் தீர்மானமாகிறது. ஈரம் என்று ஒரு கழிவு, அழுக்கு என்று ஒரு கழிவு, வாங்கிய முன்பணத்துக்கு ஒரு கழிவு. முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் போக முடியாது. நான் போன கடைக்காரரையும் வில்லனாக்க விரும்பவில்லை. அவருக்கு மேலே ஒரு தராசு இருக்கிறது, அதில் அவர் ஏமாறுகிறார்.

பதினைந்து பெண்களின் கூட்டுறவு நாளை அதே தெருக்களில் வண்டி தள்ளிக்கொண்டு வந்தால், அந்த 'இலவசக் கச்சாப் பொருள்' எவருடைய சாக்கிலிருந்து வரும்? ஒரு பகுதித் தொழிலாளருக்கு வேலை கொடுக்க, நமது பெயரால், இன்னும் கீழே இருக்கும் ஒரு பகுதியின் சோற்றில் கைவைத்தவர்கள் ஆவோம். குறிப்பை எழுதிய தோழர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. குப்பையைத் தொடுகிறவர் கண்ணில் படாமல் இருப்பதற்கு நம் சமூகம் பல நூற்றாண்டுகளாகப் பழகியிருக்கிறது. நம் கண்களும் அந்தச் சமூகத்தின் கண்களே.

எந்திரத்தைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதைப் பற்றி மிகைநம்பிக்கை பரவியிருக்கிறது. 2013-ல் நெதர்லாந்தில் டேவ் ஹாக்கன்ஸ் என்ற இளைஞர் 'பிரேஷஸ் பிளாஸ்டிக்' என்ற முயற்சியைத் தொடங்கினார். அரைவை, உருக்கித் தள்ளுதல், அச்சில் செலுத்துதல், அழுத்தி வார்த்தல் ஆகியவற்றுக்கான சிறு எந்திரங்களின் வரைபடங்களைக் காப்புரிமை இன்றி உலகுக்கே திறந்துவிட்டார். லேத் பட்டறையும் வெல்டிங்கும் தெரிந்தவர் செய்துகொள்ளலாம். பொம்மசந்திராவில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய செயல். நம் நாட்டிலும் அத்தகைய மனம் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக் துகளைப் பூசித் தாருடன் கலந்து சாலை போடும் முறையை உருவாக்கி, அதை அரசுக்கு விலையின்றியே அளித்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் சிறு எந்திரம் எல்லாவற்றையும் விழுங்காது. பால் உறை, வாளி, மூடி, ஷாம்பூ புட்டி ஆகியவற்றைச் செய்யும் பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் அதற்கு ஏற்றவை. பெட் பாட்டிலை ஈரம் நீக்கி உயர் வெப்பத்தில் உருக்குவது பெரிய ஆலையின் வேலை. சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பல அடுக்குகள் ஒட்டியவை. அவற்றைப் பிரிக்க முடியாது, அவை பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்கே போகின்றன. தெருக்களில் அதிகம் பறப்பவை அந்த உறைகள்தாம். எனவே பட்டறை வந்தால் ஹெப்பகோடி சுத்தமாகிவிடும் என்று மக்களிடம் வாக்குறுதி கொடுக்க வேண்டாம். நடைபாதைக் கல்லைப் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. கலப்படப் பிளாஸ்டிக்கை மணலுடன் சேர்த்து வார்த்துவிட்டால் அதை மீண்டும் பிரிக்க இயலாது. தேயத் தேய நுண்துகளாக மண்ணில் சேரும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கிளிப்பும் கூடையும் உடைந்தால் மீண்டும் பட்டறைக்கு வரும். கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. ஏரியைக் காக்கும் பட்டறை அதே ஏரிக்குச் சாக்கடை அனுப்பினால் நன்றாக இராது. உருக்கும் இடத்தில் புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்கக் கூடாது. தையல் எந்திரத்தின் முன் இருபது ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரல்கள் அவை.

பாதுகாப்பு என்றால் சட்டம் இல்லையா? 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண் 20 ஆகிவிட்டது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் அரைவைக் கூடங்கள் பழைய சட்டத்திலும் வெளியேதான் இருந்தன. இப்போது பதினைந்து பேர் இருக்கும் கூடமும் 'தொழிற்சாலை' இல்லை. மறுசுழற்சித் தொழிலின் பெரும்பகுதி இந்த அளவில்தான் நடக்கிறது என்பது தொகுப்பை வரைந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

வரியைப் பாருங்கள். பிளாஸ்டிக் கழிவின் மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருந்தது. 2021 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அதை 18 சதவீதமாக்கியது. அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற பெரிய நிறுவனம் உள்ளீட்டு வரியாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. சுமை விலையாக மாறிக் கீழே இறங்கி, கடைசியில் சாக்கு சுமப்பவரின் தோளில் வந்து நிற்கிறது.

உற்பத்தியாளர் பொறுப்பு என்ற பெயரில் 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளின் கதையும் இதுவே. பிளாஸ்டிக்கில் பொருளை அடைத்து விற்கும் நிறுவனம் அதற்கு ஈடான கழிவை மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் சான்றிதழை உருவாக்கும் உரிமை பதிவு பெற்ற ஆலைகளுக்கு மட்டுமே. தருமபுரிக்காரரின் கடையில் அந்த அம்மா பிரித்த ஒரு கிலோவும் எங்கோ ஓர் ஆலையின் கணக்கில் சான்றிதழாகி, விற்பனையும் ஆகும். அதில் ஒரு காசும் இந்தத் தரைக்குத் திரும்பாது. பிரிக்காமலேயே சான்றிதழ் விற்றவர்களும் இருக்கிறார்கள். குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் சில நிறுவனங்கள் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023-ல் கண்டறிந்தது.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்று. 2020-21-ல் நாட்டில் உருவான பிளாஸ்டிக் கழிவு 41 லட்சம் டன் என்பது வாரியத்தின் அறிக்கை. 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வோ, சேகரிக்கப்படாமலும் திறந்தவெளியில் எரிக்கப்பட்டும் சுற்றுச்சூழலில் கலப்பது மட்டுமே இந்தியாவில் ஆண்டுக்கு 93 லட்சம் டன் என மதிப்பிட்டது. உலக அளவில் ஐந்தில் ஒரு பங்கு. எது சரி என்று நிபுணர்கள் வாதிடட்டும். புதிய பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு விதிக்கும் பேச்சு ஐ.நா. உடன்படிக்கைக் கூட்டங்களில் எழுந்தபோது, 2024-ல் பூசானில் இந்திய அரசு அதை ஏற்க மறுத்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த கூட்டமும் உடன்பாடின்றிக் கலைந்தது. பாலிமர் உற்பத்தியில் நாட்டின் முதலிடத்தில் நிற்கும் ரிலையன்ஸ், ஆண்டுக்கு 500 கோடி பெட் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் அளவுக்குத் திறனைப் பெருக்கப்போவதாக 2021-ல் அறிவித்தது. குழாயைத் திறந்துவிடுகிறவரே தண்ணீர் துடைக்கும் துணியும் விற்கிறார்.

'உற்பத்தியை எதிர்க்காமல் குப்பையை ஏன் அள்ள வேண்டும்' என்ற தோழர்களின் கேள்வியில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் சாக்குடன் நடப்பவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவர் ஏற்கெனவே அள்ளிக்கொண்டிருக்கிறார். அவரை அமைப்பாக்குவதா, வேண்டாமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

அமைப்பான இடங்களில் என்ன நடந்தது? புனேயில் பாபா ஆதவ் போன்றோரின் வழிகாட்டலில் 1993-ல் கழிவு சேகரிப்போரின் தொழிற்சங்கம் பிறந்தது. சங்கம் முதலில், கூட்டுறவு பிறகு. 2008-ல்தான் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடு வீடாகச் சேகரிக்கத் தொடங்கியது. பெங்களூரு மாநகராட்சி 2011-ல் கழிவு சேகரிப்போருக்குத் தொழில் அடையாள அட்டை வழங்கியது.  மாவள்ளிபுரா குப்பை மேடு 2012-ல் மூடப்பட்டு நகரமே நாறியபோது, அந்த அட்டை வைத்திருந்தவர்களின் அறிவு திடீரென்று மாநகராட்சிக்குத் தேவைப்பட்டது. வார்டுகளில் உலர் கழிவு மையங்கள் வந்தன. சிலவற்றை அவர்களே நடத்துகிறார்கள். ஹெப்பகோடி அந்த எல்லைக்கு வெளியே. கேரளத்தில் குடும்பஸ்ரீப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் பெற்று மக்காத கழிவைச் சேகரிக்கிறது. இடதுசாரிகள் பெருமைப்பட வேண்டிய அமைப்பு. எனினும் சேவைக் கட்டணத்தைக் கையேந்தி வாங்க வேண்டிய நிலையில் அந்தப் பெண்களை நிறுத்தியது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஊரைச் சுத்தமாக வைப்பது உள்ளாட்சியின் கடமை; அதற்குக் கூலி உள்ளாட்சியின் கருவூலத்திலிருந்து வர வேண்டும்.

சேகரிப்புக்குக் கூலி வேறு, பொருளின் விலை வேறு என்று பிரிப்பது கணக்கு வழக்குக்காக மட்டுமல்ல. பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயைத் தொற்றி நிற்கிறது. 2020-ல் எண்ணெய் விலை சரிந்தபோது புதிய பிளாஸ்டிக் மலிந்தது. பழையதை வாங்க ஆளில்லை. வெளிநாட்டுச் சந்தையும் நிலையானதல்ல. பெங்களூருவின் கழிவு சேகரிப்போர் சேகரித்த பிளாஸ்டிக்கில் 250 டன்னை வாங்கி ஏறத்தாழ 30 லட்சம் புட்டிகள் செய்யப்போவதாக 'தி பாடி ஷாப்' நிறுவனம் 2019-ல் அறிவித்தது. நியாய விலை தருவதாகவும் சொன்னது. நல்லதே. 2024 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் பிரிட்டிஷ் வணிகமே கடனில் மூழ்கி நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது. நம் தராசின் முள்ளை லண்டன் கடைத்தெருவில் கட்டிவைக்க முடியாது.

ஆகவே குறிப்பில் நான் மாற்றக் கோருவது இவை. பட்டறையின் நிறுவன உறுப்பினர்களாக முதலில் ஹெப்பகோடியின் கழிவு சேகரிப்போர் இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்கள் அவர்களோடு சேரட்டும். பிரிக்கும் மேசைக்கும் எந்திரத்துக்கும் ஒரே கூலி. திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவு சேகரிப்போரை அங்கீகரித்து இணைக்கும் பொறுப்பை உள்ளாட்சியின் மீது சுமத்தியிருக்கின்றன. அதன்படி உலர் கழிவின் மீதான உரிமையையும் கொட்டகைக்கு இடத்தையும் சேகரிப்புக் கூலியையும் எழுத்துப்பூர்வமாகத் தரும்படி நகரசபையின் முன் நிற்போம். தராசு கூட்டுறவின் சொத்தாக, தெருவைப் பார்த்தபடி, அன்றைய விலைப் பலகையோடு இருக்க வேண்டும்.

பிறகு அந்த நிறுவனத்தின் எந்திரங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டியது அவர்கள் கடமை, நமக்கு அதில் கடன் ஏதுமில்லை. ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. மார்க்ஸ் பிரித்த உற்பத்திக் கழிவும் நுகர்வுக் கழிவும் இங்கே சாலையின் இரு புறங்களில் இருக்கின்றன. ஆலைக்குள் உருவாகும் பிளாஸ்டிக் கழிவு ஒரே வகை, அழுக்கில்லாதது, தினமும் ஒரே அளவில் வருவது. சிறு எந்திரத்துக்கு அதைவிடச் சிறந்த தீனி இல்லை. அது தெருவுக்கு வருவதே இல்லை. ஒப்பந்தக்காரரின் லாரியில் ஏறிப் போகிறது. தொழிற்பேட்டைகளில் ஸ்க்ராப் கான்ட்ராக்ட் யாருக்கு, எப்படிக் கிடைக்கிறது என்பதைத் திருப்பெரும்புதூர், ஓசூர்த் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்திரம் தரும் நிறுவனத்திடம், எந்திரத்தோடு உங்கள் ஆலைக் கழிவில் ஒரு பங்கையும் ஆண்டு ஒப்பந்தமாகக் கூட்டுறவுக்குத் தாருங்கள் என்று கேட்போம். புகைப்படத்தோடு முடியும் உதவியா, தொடரும் கடப்பாடா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பை அனுப்பியபோது 'கச்சாப் பொருள் இலவசம்' என்ற வரியின் ஓரத்தில், 'யாருக்கு?' என்று பென்சிலால் எழுதியிருந்தேன். கிளைச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, அடுத்த கூட்டத்துக்குக் கழிவு சேகரிப்போர் நால்வரையும் கடைக்கார அம்மாவையும் அழைத்திருப்பதாகச் சொன்னார். ஞாயிறு காலை என்று முதலில் வைத்திருந்தார்களாம். அது அவர்களுக்கு அதிகம் மால் கிடைக்கும் நேரம் என்பதால் மாலை ஐந்து மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். வங்காளியில் பேச ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.